வெள்ளைக்கு ஒரு முடிச்சு

தம்பி, விலை பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியைப் பற்றிய கதையில் ஓர் இடத்தை நானே பல வருஷமாக நம்பவில்லை. மற்றதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. அந்த ஓர் இடம் மட்டும் சென்னியப்பன் சொன்னது. "நான் எதையும் அமுத்தலைடா சபாபதி, அது தானா எரிஞ்சுது" என்றான். தானாக எரியாது. எரிவதற்கு வழியே கிடையாது. வயர் போட்டவன் நான்.

உட்காருங்கள். அந்த ஸ்டூல் ஆடும், ஆனால் கீழே தள்ளாது.

நீங்கள் உள்ளே வந்ததும் திரையைப் பார்க்கவில்லை, கைப்பிடியை ஆட்டிப் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து இந்தக் காசுக் கதவைத்தான் பார்த்தீர்கள். நல்ல கண். இதைச் சுற்றிக் கலர் மாறுகிற எல்.ஈ.டி. பட்டை ஒட்டினால் உங்கள் காபிக் கடைக்கு எடுப்பாக இருக்கும் என்கிறீர்கள். இருக்கும். ஆனால் இதில் ஏற்கெனவே விளக்கு உண்டு. காசு போடுகிற துளைக்கு இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் சிவப்பு. அந்த இரண்டு விளக்கின் வயரில் கை வைக்க மாட்டேன் என்று நீங்கள் சொன்னால் பெட்டியைத் தருகிறேன். ஏன் என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சென்னியப்பன் இதே கரூரில், பைபாஸை ஒட்டி, பஸ் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தான். சேஸிஸ் வெறும் சட்டமாக வரும். டிரைவர் ஒரு பலகையில் உட்கார்ந்து, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, வெயிலில் கருகிப்போய் ஓட்டிவருவார். அதற்குக் கூரை, தகரம், ஜன்னல், சீட்டு, விளக்கு எல்லாம் வைத்து பஸ்ஸாக்கி அனுப்புவோம். விளக்கு வேலை என்னுடையது. நான் அவனிடம் சம்பளக்காரன் இல்லை, கான்ட்ராக்ட். பட்டறையில் அவனை மொதலாளி என்று கூப்பிடாத ஒரே ஆள் நான்தான். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டு. வாடா போடாதான்.

பையனாக இருந்தபோது அவனுக்கு வீடியோ கேம் பைத்தியம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காசு போட்டு விளையாடுகிற கடை ஒன்று இருந்தது. அங்கேயிருந்து அவன் அப்பா அவனைக் காதைப் பிடித்து, கடைவீதி வழியாக, வீடுவரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். நான் சிரித்துக்கொண்டே பின்னால் போனேன். அவன் அழுதான், ஆனால் கூட இருந்த என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்போதெல்லாம் நல்லவன்தான்.

பிறகு வயதாகி, சொந்தப் பட்டறை வந்தபிறகு, அவனே ஒரு பெட்டி செய்தான். சீட்டுக்கு அறுத்து மிஞ்சிய பிளைவுட், ஒரு பழைய குண்டு டிவி, சென்னையிலிருந்து வாங்கிவந்த கேம் போர்டு. இந்தக் காசுக் கதவு பஸ் டிக்கிக்கு வெட்டிய தகரம். பூட்டும் டிக்கிப் பூட்டுதான். "டேய், சொந்தப் பொட்டிக்கு எதுக்குடா காசுக் கதவு?" என்று கேட்டேன். "காசு போடாம வெளையாண்டா அது டிவிடா. காசு போட்டாத்தான் தோத்தா வலிக்கும்" என்றான். சாயங்காலம் கதவைத் திறந்து அவரவர் காசை அவரவரிடம் கொடுத்துவிடுவான். அப்படி ஒரு கிறுக்கு.

அந்தக் கதவுக்கு விளக்கு வேண்டும் என்றான். அப்போதுதான் பஸ்களில் குண்டு பல்பு போய் எல்.ஈ.டி. வந்துகொண்டிருந்தது. பஸ்ஸின் பக்கவாட்டு விளக்குக் கண்ணாடி இரண்டு எடுத்து, பின்னால் எல்.ஈ.டி. வைத்தேன். காசு சரியாக உள்ளே விழுந்தால் வெள்ளை எரியும். சிக்கிக்கொண்டால் சிவப்பு எரியும். அவ்வளவுதான். அழகாக வந்தது. நான் செய்வது எதுவும் அழகாகத்தான் வரும். என் கையில் வயர் மாறியதே கிடையாது தம்பி. இடது பக்கம் இன்டிகேட்டர் போட்டால் வலது பக்கம் எரிகிறது என்று எந்த வண்டியும் திரும்பி வந்ததில்லை. நாமக்கல்லிலிருந்து ஒன்று வந்தது. வைப்பரைப் போட்டால் ஹாரன் அடிக்கிறது என்று. அது கூடமாட இருந்தவன் செய்தது. அதை வைத்து சென்னியப்பன் என்னை விடாமல் ஓட்டுவான். "சபாபதி வயரிங் பண்ணுன ஊட்ல காலிங்பெல் அடிச்சா மோட்டார் ஓடும்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நீங்கள் சென்னைக்காரர், எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாது. இங்கே எந்த நல்ல காரியத்துக்கும் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. பெண் கொடுப்பது, கிணறு வெட்டுவது, வைத்தியம் பார்ப்பது, எல்லாம் அப்படித்தான். படித்தவனும் கேட்பான். சிவப்பு வந்தபிறகு அதை மீறி ஒரு காரியம் செய்ய இங்கே யாருக்கும் தைரியம் வராது.

பட்டறைகளுக்கு கேனில் டீ கொண்டுவருகிறவள் வேலாத்தாள். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் இல்லை, ஒரே மகள். பெட்டிக்கு விளக்கு போட்ட புதிதில், அவளையும் ஒரு காசு போடச் சொன்னார்கள். போட்டாள். வெள்ளை எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அட ஆத்தா, வெள்ளைப் பூக் குடுத்துட்டயா!" என்றாள்.

பட்டறையே சிரித்தது. அன்றைக்கு ஆரம்பித்தது இந்த விளையாட்டு.

திருட்டு ஸ்விட்ச் வைக்கிற யோசனை சென்னியப்பனுடையது. செய்தது மட்டும்தான் நான். காசு விழுகிற இடத்துக்கும் விளக்குக்கும் இருந்த இணைப்பைத் துண்டித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, பஸ்ஸில் கண்டக்டர் அடிக்கிற பெல் பொத்தான் இரண்டை, அவன் உட்காருகிற பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். இடது கைப் பொத்தான் வெள்ளை, வலது கைப் பொத்தான் சிவப்பு. இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அந்த விளக்குகள் தானாக எரிவது என்பது கிடையாது. ஒருத்தன் அமுக்கினால்தான் உண்டு.

நன்றாகப் பொழுது போயிற்று. வெல்டர் பெரியண்ணனின் சம்சாரம் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். "எம்பொண்டாட்டி வருவாளா?" என்று காசு போட்டான். சிவப்பு. "பொட்டிக்கே உன்னயப் பத்தித் தெரிஞ்சுபோச்சுடா" என்று ஒரே கூச்சல். இன்னொருத்தன் அட்வான்ஸ் கிடைக்குமா என்று கேட்டான். சிவப்பு. "மொதலாளி பொட்டி மொதலாளி மாதிரித்தான் பேசும்" என்றான் பெரியண்ணன்.

வேலாத்தாளும் தினம் கேட்பாள். இன்றைக்கு மழை வராமல் இருக்குமா, பால்காரன் தண்ணி ஊத்தாமல் கொடுப்பானா, இப்படி. அவளுக்கு மட்டும் சென்னியப்பன் எப்போதும் வெள்ளைதான் அமுக்குவான். ஒரு நாள்கூட மாற்றியதில்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, "அக்காவுக்குன்னு இருக்கற சந்தோசமே அதுதான்டா, போவுது" என்றான். டீ கெட்டியாகக் கிடைக்கும் என்பதற்காகவும் இருக்கலாம்.

அவளுக்கு எங்கள் வேலை தெரியுமா என்று கேட்பீர்கள். தெரிந்துதான் விளையாடுகிறாள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு போடும்போது அவள் செருப்பைக் கழற்றுவாள். அதை நான் கவனித்திருக்கிறேன். நானாக ஏன் போய்ச் சொல்ல வேண்டும்? பட்டறை அவனுடையது.

அவள் மகள் சுகந்தி, திருப்பூருக்கு வேலைக்குப் போன இடத்தில், வேறு சாதியில் ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் என்ன, உங்களுக்குத் தெரியாததா. வேலாத்தாளுடைய கொழுந்தன் அவள் வாசலிலேயே வந்து நின்று, சுகந்தி இந்தப் படி ஏறினால் நீயும் எங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அந்தக் கொழுந்தன் சென்னியப்பனுக்குப் பங்காளி முறை. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சுகந்திக்கு மாசம் ஆகிவிட்டது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரலாமா என்று போனில் கேட்டிருக்கிறாள். அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கால் வேறு வீங்கியிருக்கிறது என்று அழுதிருக்கிறாள். வேலாத்தாளுக்குக் கூப்பிட ஆசை. கொழுந்தனுக்குப் பயம். பூக் கேட்டு, வெள்ளை வந்துவிட்டால், அம்மனே சொல்லிவிட்டாள் என்று அவன் வாயை அடைத்துவிடலாம். அதுதான் அவள் கணக்கு. ஆனால் கோயிலில் திருப்பணி. பாலாலயம் பண்ணி மூலஸ்தானத்தை மூடியிருந்தார்கள். கும்பாபிஷேகம் முடிகிறவரை பூக் கேட்க முடியாது என்று பூசாரி அனுப்பிவிட்டார். பிள்ளைப்பேறு அதுவரை காத்திருக்குமா?

கடைசியில் அவள் பெட்டியிடமே கேட்க வந்தாள். அன்றைக்குக் காலையில்தான் நான் இந்தக் கதவைத் திறந்து வேலை பார்த்தேன். வெள்ளை விளக்கு மங்கிப்போயிருந்தது. மாற்ற வேண்டுமானால் இரண்டு விளக்கையும் சேர்த்துத்தான் கழற்ற வேண்டும், பின்னால் ஒரே தகடு. பட்டறையில் வயர் எல்லாம் மிச்சம் மீதி, எல்லாமே மஞ்சள். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைக்குப் போகிற வயரில் ஒரு முடிச்சுப் போடுவேன். சிவப்புக்கு முடிச்சில்லை. இருட்டிலும் கை தடவிக் கண்டுபிடித்துவிடும். புது எல்.ஈ.டி. போட்டு, பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன், இரண்டும் பளிச்சென்று எரிந்தன. கதவை மூடிவிட்டேன். பெஞ்சிலிருந்து பொத்தானை அமுக்கிப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். எதற்கு? முப்பது வருஷமாக இதுதான் வேலை.

டீ நேரத்தில் வேலாத்தாள் வந்தாள். தலைக்குக் குளித்து ஈரம் காயாமல் இருந்தது. கேனை வெளியிலேயே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராகப் பெட்டி முன்னால் வந்து நின்றாள்.

"என்னக்கா, இன்னிக்கு பொட்டிக்குத்தான் மொத டீயா?" என்றான் பெரியண்ணன்.

அவள் காதில் விழவில்லை. நான் ஒரு பஸ்ஸின் பின்பக்கம் ஏணியில் நின்று டெயில் லாம்ப் மாட்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடி போடாத ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. சென்னியப்பன் பெஞ்சில் இருந்தான். கைகள் இரண்டும் பெஞ்சுக்கு அடியில்.

"ஆத்தா, என்ற புள்ள சுகந்திய ஊட்டுக்குக் கூப்புடறேன். கூப்புடலாமா?" என்று கேட்டுவிட்டு, கண்ணை மூடிக் காசைப் போட்டாள்.

சிவப்பு எரிந்தது.

அவள் கண்ணைத் திறந்தபோது முகமெல்லாம் சிவப்பாக இருந்தது. அந்த எல்.ஈ.டி. நல்ல வெளிச்சம். பெரியண்ணன் பழக்க தோஷத்தில் சிரித்துவிட்டான். பிறகு நிறுத்திக்கொண்டான். சென்னியப்பன் அவளைப் பார்க்கவில்லை தம்பி. தலையைத் தூக்கி நேராக ஏணியில் நின்ற என்னைப் பார்த்தான். அகப்பட்டுக்கொண்டவன் முழி அது. அத்தனை பேர் இருக்கும்போது என்னை எதற்குப் பார்க்க வேண்டும்? மனசாட்சி உறுத்தினால் பழைய சிநேகிதன் முகத்தைத்தான் தேடும்.

 அவள் வெளியே போய் கேனை எடுத்துவந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள். காலி கிளாஸ்களைப் பொறுக்கிக்கொண்டாள். என் ஏணிக்குக் கீழேயும் வந்து, "எறங்கி வாங்க சாமி, ஆறிப்போவுது" என்றாள். இறங்கிப் போய்க் குடித்தேன். அன்றைக்குச் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

அவள் போனதும் சென்னியப்பன் எழுந்து பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். தார்பாலின் போட்டு மூடினான். நான் போய்க் கேட்டேன்.

"ஏன்டா இப்படிப் பண்ணுனே?"

"என்னயக் கேக்கறயா?" என்றான்.

"உன்னயக் கேக்காம? பொத்தான் உன்ற கையில. பங்காளிக்கு நல்ல பேரு வாங்கறயா?"

 வாய் திறந்து மூடிற்று. அப்புறம்தான் அதைச் சொன்னான். "நான் எதையும் அமுத்தலைடா சபாபதி. அது தானா எரிஞ்சுது. இத்தோட உடு."

நீங்களே சொல்லுங்கள், வயர் போட்டவனிடம் வந்து தானாக எரிந்தது என்றால் எப்படி இருக்கும்?

அன்று சாயங்காலம் அவன் வேலாத்தாள் வீட்டுக்குப் போனான். இது அவளே எனக்குச் சொன்னது, அதனால் இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, அது சும்மா வெளையாட்டு. நாங்கதான் பெஞ்சுக்கடியில பொத்தான் வெச்சு எரிய வெக்கறோம். சாமியும் இல்ல, பூவும் இல்ல. நீ புள்ளையக் கூப்புட்டுக்க. கொழுந்தன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றானாம்.

அவள் சாதாரண ஆள் இல்லை. யோசித்திருக்கிறாள். "வெளையாட்டுன்னா எனக்கு எப்பவும் வெள்ளைதானே எரிஞ்சுது? இத்தன நாளும் வெள்ளை குடுத்த கை, இன்னிக்கு மட்டும் ஏன் சிவப்புக் குடுத்துச்சு? ஆரு அமுத்துனது? பேரைச் சொல்லுங்க சாமி. பேரைச் சொன்னீங்கன்னா அது மனுசன் செஞ்சதுன்னு மனசத் தேத்திக்கிட்டு, இப்பவே போன் பண்ணி என்ற புள்ளையக் கூப்புட்டுக்கறேன்" என்றாளாம்.

 அவன், "ஆரும் அமுத்தலைக்கா. அது தானா எரிஞ்சுது" என்றானாம்.

"அப்பறம் என்ன சாமி" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

பார்த்தீர்களா? ஒரு பெயர்தான் கேட்டாள். நான்தான் அமுக்கினேன் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. நான் இதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருத்தியின் வாழ்க்கையைவிட ஒருத்தனுக்குத் தன் பெயர் பெரிதாகப் போகுமா? இத்தனை வருஷப் பழக்கத்தில் அவனை இவ்வளவு கோழையாக நான் பார்த்ததில்லை. அதனால்தான் மனசு ஆறவில்லை.

நீங்கள் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். நான் என்ன சொல்வது? பொத்தான் இருந்தது அவன் கையில். அவன் பெயரை நான் போய்ச் சொன்னால் அது கோள்.

வேலாத்தாள் மகளுக்குப் போன் பண்ணி, வாக்கு வரவில்லை, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மறைக்கத் தெரியாதவள், பட்டறையில் பெட்டியிடம் கேட்டேன், சிவப்பு எரிந்தது என்பதையும் சொல்லிவிட்டாள். சுகந்திக்கு எட்டாம் மாசமே வலி வந்துவிட்டது. புருஷன் கம்பெனியில் நைட் ஷிப்ட். பக்கத்து வீட்டுக்காரிதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறாள். குழந்தை தங்கவில்லை. செய்தி கேட்டு வேலாத்தாள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் பத்தியக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு திருப்பூர் போனாள். மகள் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் சத்தமாகச் சொன்னாளாம். "சிவப்பு எரிஞ்சா வரக்கூடாதுங்க. எங்கம்மா சொல்லியிருக்குது. போகச் சொல்லுங்க."

தூக்கைத் திறக்காமலே திருப்பி எடுத்துவந்தாள். அன்றைக்கும் மத்தியான டீக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் சென்னியப்பனோடு பேசவில்லை. கான்ட்ராக்டை விட்டுவிட்டேன். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். பங்காளிக்காக ஒரு தாயையும் மகளையும் பிரித்தவனிடம் எனக்கு வேலை இல்லை என்றேன். பெரியண்ணன் போனான். தச்சர்கள் போனார்கள். கரூரில் பட்டறைக்கா பஞ்சம்?

அவன் மகள் பூங்கோதைக்கு ஒரு நல்ல இடத்தில் பேசினார்கள். எங்கள் பக்கம் பெண் எடுப்பதற்கு முன்னால் தெரிந்தவர்களிடம் விசாரிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் வந்தார்கள். சின்ன வயதிலிருந்து கூட்டு, இவரைவிட யாருக்குத் தெரியும் என்று. காபி கொடுத்தேன். கேட்டார்கள், சொன்னேன். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னேன். "ரொம்ப நல்லதுங்க, நேரத்துல சொன்னீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த இடம் அமையவில்லை. அடுத்து வந்தவர்களும் என்னிடம்தான் வந்தார்கள். அவர்களிடம் ஒரு மாதிரியும் இவர்களிடம் ஒரு மாதிரியும் பேச முடியுமா?

இரவெல்லாம் யோசித்திருக்கிறேன் தம்பி, செய்தது சரியா என்று. நான் அப்படிப்பட்ட ஆள்தான், என்னையே கேள்வி கேட்டுக்கொண்டு இருப்பேன். ஒவ்வொரு முறையும் சரி என்றுதான் பதில் வரும்.

பட்டறை படுத்துவிட்டது. சாமான்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போயின. அங்கேதான் இந்தப் பெட்டியைப் பார்த்தேன், அதே தார்பாலினோடு. பெஞ்சோடு, பொத்தானோடு, வயரோடு அப்படியே கிடந்தது. எடுத்துவந்து இங்கே என் கடையில் வைத்தேன். டிக்கிப் பூட்டில் துரு. எண்ணெய் விட்டுத்தான் திறந்தேன். உள்ளே ஒரு காசு கிடந்தது. அது யாருடைய காசு என்று எனக்குத் தெரியும்.

பேட்டரி கொடுத்து, பெஞ்சின் இடது பொத்தானை அமுக்கினேன். வெள்ளைப் பொத்தான்.

வாருங்கள், நீங்களே அமுக்கிப் பாருங்கள். அதோ, இடது. பார்த்தீர்களா?

சிவப்பு.

வலது. வெள்ளை. ஆமாம்.

பின்பக்கம் வந்து குனிந்து பாருங்கள். முடிச்சுப் போட்ட வயர் எங்கே போகிறது? சிவப்புக்குப் போகிறது. யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரும்புக் கடைப் பையன்கள் நோண்டியிருப்பார்கள். அல்லது, பிறகு ஒரு நாள் என்மேல் பழி போடலாம் என்று சென்னியப்பனே மாற்றி வைத்திருப்பான். ஆனால் அந்த இணைப்பைப் பாருங்கள். வயரை முறுக்கி, மடித்து, மேலே துணி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகியிருக்கிறது. கரூரில் அப்படி நுனியைச் செருகுகிறவன் ஒருத்தன்தான். டேப் அன்றைக்கு ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. பிரித்த தடம் இல்லை. அழகாக இருக்கிறது, இல்லையா?

மாற்றிச் சரியாகக் கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்க்ரூ டிரைவரை எத்தனையோ தடவை எடுத்தேன். வைத்துவிட்டேன். உங்களையும் வைக்கச் சொல்கிறேன்.

வேலாத்தாள் இன்னும் இந்த வரிசைக் கடைகளுக்கு டீ கொண்டுவருகிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வருவாள், குடித்துவிட்டே போகலாம். பெட்டி இங்கே வந்த அன்றைக்கு அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். இந்தக் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இது அன்னிக்கே சொல்லுச்சு சாமி, அந்தப் புள்ளைக்கு ராசி இல்லைன்னு. ஊட்டுக்கு வந்திருந்தா அவளையுமே தூக்கிக் குடுத்திருப்பேன்" என்றாள். அன்றிலிருந்து தினமும் தொட்டுக் கும்பிடுகிறாள். அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் டீ குடிக்கிறேன். அதனால்தான் விற்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எதைச் சொல்வது? அவளுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. அதைப் பறிக்க நான் யார்?

போன வாரம் சென்னியப்பன் வீட்டுக்குப் போனேன். பொத்தான் இரண்டையும் கழற்றி, ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்ததும் இருந்தபடியே மாட்டிவிட்டேன். எதை அமுக்கினாய் என்று கேட்பது என்று முடிவு. இடதா, வலதா. நேரான கேள்வி, ஒரு வார்த்தையில் பதில். இத்தனை வருஷத்துச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பூங்கோதைதான் கதவைத் திறந்தாள். கழுத்தில் தையல்காரர் டேப். முன்நெற்றியில் நரை. என்னைத் தெரிந்துகொண்டாள். தெரியாத மாதிரி, "வாங்க, உக்காருங்க" என்றாள். உள்ளே போய், "அப்பா, சபாபதி மாமா வந்திருக்காங்க" என்றாள். மாமா என்றுதான் சொன்னாள்.

சென்னியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். இளைத்துவிட்டான். எதிரே உட்கார்ந்து, "ஊட்ல எல்லாரும் சௌரியமா?" என்றான். நான் பையிலிருந்து இரண்டு பொத்தானையும் எடுத்து அவன் முன்னால் வைத்தேன். பார்த்தான். இடது பொத்தானைக் கையில் எடுத்து, அதன்மேல் இருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"எங்கடா கெடச்சுது இது?" என்றான். "பழைய இரும்புல போட்டுட்டேனே."

"பொட்டிய நான்தான் வாங்கியிருக்கேன். தொறந்து பாத்தேன்."

"பாத்தயா" என்றான். அவ்வளவுதான். அந்தப் பழைய பார்வை. ஏணியில் நின்ற என்னைப் பார்த்தானே, அதே பார்வை. அகப்பட்டுக்கொண்டவன் முழி என்று இத்தனை வருஷம் நான் சொல்லிக்கொண்டு வந்தது. "உடுடா. அது தானா எரிஞ்சுது. காப்பி குடிச்சுட்டுப் போ."

பூங்கோதை காபித் தம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள். நான் இடதா வலதா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன் தம்பி. சத்தியமாக அதைக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயிலிருந்து வந்தது வேறு.

"ஏன்டா சென்னியப்பா, அன்னைக்கு வேலாத்தா வாசல்ல நின்னு பேரைச் சொல்லு, பேரைச் சொல்லுன்னு கேட்டாளே... நீ ஆரு பேரைடா சொல்லாம உட்டே?"